கோடைப் பயணமும் துணிப் பெட்டியும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், புனேவாழ் தமிழர் இல்லங்களில் பரண்மேல் உறங்கும் பெட்டிகள் கீழே இறங்கும். இரயிலில் இடம் கிடைக்குமா என்று நம்மிடம் விசாரிக்கும் அன்பர்கள் பலர். பெட்டியில் என்ன துணி வைப்பது என்று விசாரித்தவர் இதுவரை ஒருவருமிலர். அக்கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நாம் அறிந்துகொண்டது சற்றுத் தாமதமாகத்தான்.

நம் புனே கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெயில் இங்கும் கொளுத்தத்தான் செய்கிறது. எனினும் காற்று வறண்டது. இரவில் உடல் ஆறிவிடுகிறது. சென்னையிலோ வெப்பமானி காட்டும் எண் நம்மூர் எண்ணை ஒத்திருந்தாலும், காற்றில் கடலின் ஈரம் நிறைந்து நிற்கும். இரவிலும் புழுக்கம் தணியாது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்பொழுது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலினின்று கவர்ந்து செல்கிறது. ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது, வழிந்தோடும். வழிந்தோடும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை.

இவ்வேறுபாட்டை மேற்குத் தொடர்ச்சி மலை இருப்புப்பாதையைப் போல் உணர்த்துவது வேறொன்றில்லை. பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853-இல் முதல் வண்டி ஓடிற்று. கண்டாலாவுக்கும் புனேவுக்கும் இடையே 1858-இல் பாதை திறக்கப்பட்டது. ஆனால் இடையிலிருந்த போர்காட் மலைச்சரிவில் வேலை முடியவில்லை. ஆகவே பயணிகள் கோபோலியில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் வண்டியிலுமாகக் கண்டாலாவுக்கு ஏறி, அங்கே மறுபடி இரயிலைப் பிடித்தனர். 1863-இல்தான் மலைப்பாதை திறக்கப்பட்டது. கண்டாலாவின் இளங்காற்றிலிருந்து கர்ஜத்தின் புழுக்கத்திற்கு இன்றும் சிறிது நேரத்திலேயே இறங்கிவிடுகிறோம்.

ஆங்கிலேய அதிகாரிகள் இதனை நன்கறிந்திருந்தனர். பம்பாய் அரசாங்கமே கோடையில் மகாபலேசுவரத்திற்கும் மழைக்காலத்தில் புனேவுக்கும் பெயர்ந்துவிடும். ஊரை மாற்றத் தெரிந்தவர்களுக்கு உடையை மாற்றத் தெரியவில்லை. வயிற்றில் குளிர்ச்சி தாக்கினால் காலரா வரும் என்று நம்பி, வியர்த்து வழியும் நாட்டில் வயிற்றைச் சுற்றிப் பிளானல் துணியால் ஒரு கச்சை கட்டினார்கள்! அதற்குக் காலராக் கச்சை என்றே பெயர். காலரா கிருமியைப் பற்றிய ஆராய்ச்சியை இராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் நிகழ்த்தினார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் அக்கச்சை அவிழவில்லை. நெட்டித் தொப்பியை வேண்டுமானால் மன்னிக்கலாம். அது இலேசானது, நிழலும் தந்தது.

பம்பாய்ப் பக்கத்துப் பாதையும் சென்னைப் பக்கத்துப் பாதையும் 1871-இல் இராய்ச்சூரில் இணைந்தன. பிற்காலத்தில் இரயில்வேயிலும் இராணுவக் கணக்கு அலுவலகங்களிலும் வேலை தேடி இங்கு வந்த நம்மவர் பலரும் அவ்வழியே வந்தவர்கள்தாம். தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை, கூஜா. பெட்டியினுள் கஞ்சி போடாத பருத்தி வேட்டிகள், துண்டுகள். இவற்றைப் பார்த்துச் சிரித்தவர்களுள் நாமும் ஒருவர்.

1941-இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் டெரிலின் இழையைக் கண்டனர். கசங்காது, துவைத்தால் விரைவில் உலரும் என்று உலகமே அதனை வரவேற்றது. பெட்டி கட்டுவோர்க்கு அதைவிட வசதி ஏது? ஆனால் சாதாரண ஈரமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டெரிலின் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. வியர்வை தோலிலேயே நின்றுவிடுகிறது.

நம் தங்கையின் திருமணம் சென்னையில் ஒரு வைகாசி மாதத்தில் நடந்தது. பெட்டி நிறையக் கசங்காத துணிகளையே அடுக்கினோம். மகளுக்கு நைலான் சட்டை; அதன்மேல் உள்துணி வைத்துத் தைத்த பட்டுப் பாவாடை. குழந்தைக்கு அப்பொழுது ஐந்து வயது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. முகூர்த்த நேரத்தில், ஓமப் புகைக்கருகே நின்றவள் அப்படியே துவண்டு விழுந்தாள். தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினோம். கெட்டிமேளம் காதில் விழுந்தது. தாலி ஏறியதைக் காணவில்லை. மணப்பெண்ணின் அண்ணன் எங்கே என்று பந்தலில் தேடினார்களாம்.

எம் தந்தையார் பின்னாலேயே வந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழந்தையின் உடைகளைக் களைந்து, தம் தோளிலிருந்த துண்டைக் கிணற்று நீரில் நனைத்துப் பிழிந்து உடலில் போர்த்தி, பனைவிசிறியால் வீசினார். சற்று நேரத்தில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அந்த ஈரத் துண்டைக் காற்று உலர்த்தியபோது போன வெப்பம் எவ்வளவு என்று இப்பொழுது கணக்கிடத் தெரிகிறது. அன்று தெரிந்தவர் அவர் ஒருவரே.

ஊருக்குப் புறப்படும் அன்பர்கள் தளர்ந்த பருத்தி உடைகளை நாளொன்றுக்கு இரண்டாகக் கணக்கிட்டு வையுங்கள். கஞ்சி வேண்டாம், அது நெசவின் கண்களை அடைத்துவிடும். பட்டை முகூர்த்தத்திற்கு மட்டும், பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். திரும்பும்பொழுது ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால், புனே வந்து திறக்கையில் பூஞ்சணம் பூத்திருக்கும்.

தந்தையாரின் தகரப் பெட்டி இப்பொழுது நம்மிடம் இருக்கிறது. பூட்டு பழுதாகிவிட்டது, கயிறு கட்டித்தான் ஊருக்குக் கொண்டுபோகிறோம்.