பானையைச் சுமப்பவர் யார்?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை என் மருமான் வீட்டுக்கு வந்தான். வந்தவன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "மாமா! நாங்கள் ஐந்து பேர் மலை ஏறப் போகிறோம். அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. நாலு நாள் மலையிலேயே தங்கி, விறகு அடுப்பில் சமைத்துச் சாப்பிடப் போகிறோம். என்ன பாத்திரம் எடுத்துக்கொண்டு போகலாம்?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"வெண்கலப் பானையை எடுத்துக்கொண்டு போ. விறகு அடுப்புக்கு அதுதான் சரி. அதில் வடித்தால்தான் சோறு சோறாக இருக்கும்" என்றாள் என் மனைவி. சொன்னதோடு நிற்கவில்லை. பரண்மேல் இருந்த அந்தப் பானையை என்னைக் கொண்டே இறக்க வைத்தாள். அவளுடைய பாட்டி காலத்துப் பானை அது. பையன் அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தான். பிறகு, கோயில் விக்கிரகத்தை வைப்பதுபோல் மிகுந்த மரியாதையுடன் கீழே வைத்தான்.

"மாமி! பானை ரொம்ப நல்ல பானைதான். ஆனால் இதை யார் சுமப்பது?" என்றான்.

பையன் விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் வழிப்பயணத்தில் சமைத்துச் சாப்பிட்ட மனிதர்களுடைய சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. எந்தப் பாத்திரம் நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதைச் சுமப்பவர் யார், அடியில் எரியும் நெருப்பு எப்படிப்பட்டது, ஏறப்போகும் உயரம் எவ்வளவு என்று கேட்டால் பதில் தானாகவே வந்துவிடும். நேயர்களுக்குப் பொறுமை இருந்தால், அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஆபிரகாம் டார்பி என்று ஒருவர் பித்தளைப் பட்டறை நடத்திவந்தார். அந்தக் காலத்தில் அங்கே நல்ல சமையல் பானை என்றால் பித்தளை அல்லது வெண்கலம்தான். சாதாரணக் குடும்பங்களுக்கு அந்த விலை கட்டுபடியாகாது. இரும்போ மலிவு. ஆனால் வயிறு பருத்த பானையை இரும்பில் வார்ப்பது சுலபமாக இல்லை. டார்பி விடாமல் முயன்று, மணலிலேயே அச்சு அமைத்து இரும்புப் பானை வார்க்கும் முறையைக் கண்டு, 1707-ஆம் வருஷம் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இரண்டு வருஷம் கழித்து, 1709-இல், கோல்புரூக்டேல் என்ற ஊரில் கரிக்குப் பதிலாகக் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். இயந்திர யுகம் பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் இந்த உலையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தப் பெரிய கதையின் முதல் அத்தியாயத்தில் பீரங்கியும் இல்லை, ரயிலும் இல்லை. சமையல் பானைதான் இருக்கிறது!

விறகு நெருப்புக்கு இந்த இரும்புப் பானை மிகவும் பொருத்தமானது. விறகு நெருப்பு ஒரு சமயம் எம்பி எரியும். இன்னொரு சமயம் படுத்துக்கொள்ளும். கனத்த இரும்பு, எரியும்போது வந்த சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, படுக்கும்போது நிதானமாகச் சோற்றுக்குக் கொடுக்கும். நாளடைவில் அந்தப் பானைக்கு மூன்று கால்கள் வைத்தார்கள். அடுப்புக் கல் தேடவேண்டிய கவலை தீர்ந்தது. மூடியைச் சுற்றி விளிம்பு வைத்தார்கள். அதன்மேல் தணலைக் கொட்டலாம். நம் ஊர்களில் பிரியாணிக்குத் தம் போடுகிறார்களே, அதே தந்திரந்தான்.

இந்தப் பானையோடு எத்தனையோ பேர் அமெரிக்காவின் குறுக்கே பிரயாணம் செய்தார்கள். 1840-களில் மிசௌரி நதிக்கரையிலிருந்து ஓரிகன் பிரதேசத்துக்குச் சுமார் 2,000 மைல். மாட்டு வண்டியில் சாமான். பக்கத்தில் மனிதர்கள் நடை. மரமே இல்லாத புல்வெளியில் விறகுக்கு எங்கே போவது? காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்ததைப் பொறுக்கி எரித்தார்கள். நம்முடைய வறட்டியேதான்! பன்னிரண்டு அங்குல அகலமுள்ள அந்த மாதிரிப் பானை ஒன்று எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். ஆனாலும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஏனென்றால் சுமந்தவை மாடுகள். மாடுகள் களைத்துப் போனபோது கதை மாறிவிட்டது. தங்கம் தேடி ஜனங்கள் ஓடிய 1849-ஆம் வருஷத்தில், வழி நெடுக இரும்பு அடுப்புகளும் கனத்த சாமான்களும் வீசி எறியப்பட்டுக் கிடந்தன. வீட்டில் ஆசையாக வாங்கிய பொருளைப் பாதி வழியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்!

அதற்கும் முன்னால், லூயிஸ், கிளார்க் என்ற இரு தலைவர்கள் ஒரு சிறு படையுடன் அதே கண்டத்தைக் கடந்து மேல் சமுத்திரக் கரையைக் கண்டுவிட்டுத் திரும்பினார்கள். 1806 ஏப்ரலில் கொலம்பியா நதிக்கரையில் அவர்களுக்குக் குதிரைகள் தேவைப்பட்டன. அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் லேசில் குதிரைகளைக் கொடுப்பதாக இல்லை; அவர்கள் கண் சமையல் பானைகளின் மீது விழுந்தது. கடைசியில் இரண்டு பானைகளைக் கொடுத்தே குதிரைகளை வாங்க வேண்டியதாயிற்று. மிஞ்சியது, எட்டுப் பேருக்கு ஒரு சின்னப் பானை. சோறு தாமதமானால் பசிதான். சுமக்கக் குதிரை இல்லாவிட்டால் வீடே போய்ச் சேர முடியாது. அந்தத் தலைவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

குதிரையும் மாடும் இல்லாதவனுக்குத் தன் முதுகுதான் வண்டி. அவன் தேடிக்கொண்டது மெல்லிய தகரப் பாத்திரம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் தகரக் குவளையை அப்படியே நெருப்பில் வைத்துக் காப்பி போட்டுக் குடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் வேலை தேடி ஊர் ஊராக நடந்தவர்கள், கம்பிப் பிடி வைத்த ஒரு தகர டப்பாவில் தேயிலைத் தண்ணீர் காய்ச்சினார்கள்.

அவ்வளவு மெல்லிய பாத்திரம் நெருப்பில் பொசுங்கிப் போகாதா என்று கேட்கலாம். நம் வீட்டு ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். அடுப்பு நெருப்போ அதைவிட எத்தனையோ மடங்கு சூடு. இருந்தும் ஈயச் சொம்பில் ரசம் நுரை கட்டிப் பொங்குகிறது. சொம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே இருக்கும் ரசம் சூட்டை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு சொம்பைக் காப்பாற்றுகிறது. ரசத்தை ஊற்ற மறந்து வெறும் சொம்பை அடுப்பில் வைத்தவர்களுக்குத்தான் மிச்சக் கதை தெரியும். தகரக் குவளைக்கும் இதே தர்மம்தான்: தண்ணீர் இருக்கும் வரை உயிர் இருக்கும்.

இனி உயரத்துக்கு வருவோம். பல வருஷங்களுக்கு முன் நானும் நண்பர்களும் கொடைக்கானல் மலையில் சமைத்த கதையை இங்கே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். துவரம்பருப்பை அடுப்பில் வைத்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பருப்பு மட்டும் கூழாங்கல்லாக இருக்கிறது. பருப்பு பழசு என்றார் ஒருவர். விறகு ஈரம் என்றார் இன்னொருவர். பாத்திரம் ராசியில்லாதது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு மகா பெரியவர் ஒருவருடைய ஆட்கள் துணை என்பது பிறகுதான் தெரிந்தது. 1835 மார்ச் மாதம் சார்லஸ் டார்வின் கோவேறு கழுதைகளுடன் ஆண்டீஸ் மலையைக் கடந்தார். சுமார் 11,000 அடி உயரத்தில் ஓர் இரவு தங்கியபோது உருளைக்கிழங்கை வேகவைத்தார்கள். மணிக்கணக்கில் கொதித்தும் வேகவில்லை. இரவு முழுவதும் பானையை நெருப்பிலேயே விட்டுவைத்தார்கள். காலையிலும் ஒரு முறை கொதிக்க விட்டார்கள். கிழங்கு அசைந்து கொடுக்கவில்லை. கூட வந்த இருவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பானை புதிது, பாழாய்ப்போன பானைக்கு உருளைக்கிழங்கு வேகவைக்க இஷ்டமில்லை! டார்வின் இதைத் தம் பிரயாண நூலில் ரசித்து எழுதியிருக்கிறார்.

பானை மீது குற்றமில்லை என்பது அவருக்குத் தெரியும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். டார்வின் தங்கிய இடத்தில் 89. எவ்வளவு விறகு போட்டாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. இதற்கு மாற்று மருந்தை டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இலேயே லண்டனில் காட்டியிருந்தார். நீராவி வெளியேறாமல் இறுக்கி மூடிய அவருடைய பாத்திரத்தில் மாட்டு எலும்பு கூட மெத்தென்று வெந்துவிட்டதாம். நம் வீடுகளில் காலையில் விசில் அடிக்கிறதே, அந்தக் குக்கருக்கு அதுதான் கொள்ளுப் பாட்டி.

பனிமலைக்கும் துருவத்துக்கும் போகிறவர்களுக்குப் பிரச்னை வேறு. அங்கே விறகு கிடையாது; குடிக்கத் தண்ணீரும் கிடையாது. சுற்றிலும் பனிக்கட்டி கிடக்கிறது, உருக்கினால்தான் தண்ணீர். பாத்திரம் அங்கே சோற்றுப் பானை மட்டுமல்ல, கிணறும் அதுவேதான். நார்வே தேசத்து நான்சென் 1888-இல் கிரீன்லாந்தைக் கடந்தபோது தாகத்தால் மிகவும் கஷ்டப்பட்டார். பனியைக் குப்பியில் அடைத்து, மார்போடு அணைத்து, உடம்புச் சூட்டில் உருக்கிக் குடிக்க வேண்டியிருந்தது.

அவர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதற்குள் உலகத்தில் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. ஒரு காலத்தில் அலுமினியம் ராஜாக்களின் உலோகம். மூன்றாம் நெப்போலியன் முக்கியமான விருந்தாளிகளுக்கு மட்டும் அதில் உணவு பரிமாறுவார் என்பார்கள். 1886-இல் அமெரிக்காவில் ஹால், பிரான்ஸில் ஏரூ என்ற இரு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள், விலை படுத்துவிட்டது. (சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தது 1898-இல். நம் பக்கத்துச் சமையலறைகளுக்கு அது வந்து சேர்ந்த கதை அங்கே தொடங்குகிறது.) இரண்டாவது காரியம், ஸ்வீடனில் 1892-இல் லிண்ட்க்விஸ்ட் செய்த ப்ரைமஸ் என்னும் பம்ப் ஸ்டவ். அந்தக் குடும்பத்து ஸ்டவ் நம் பாட்டிமார் சமையலறையில் எவ்வளவு இரைச்சல் போட்டது என்பது பலருக்கு நினைவிருக்கும்.

நான்சென் இரண்டையும் சேர்த்தார். நடுவில் சமையல் பாத்திரம், அதைச் சுற்றி வளையம்போல் பனி உருக்கும் பாத்திரம், மேலே இன்னொன்று, எல்லாவற்றையும் மூடி ஓர் உறை. சோற்றை விட்டுத் தப்பிய சூட்டைப் பனி பிடித்துக்கொள்ளும். பெரும்பகுதி அலுமினியம் என்பதால் கனமும் குறைவு. 1895-இல் அவரும் ஒரே ஒரு துணைவரும் அதை எடுத்துக்கொண்டு வடதுருவத்தை நோக்கி நடந்தார்கள். சுமார் 4 காலன் எண்ணெய், தினம் இரண்டு வேளைச் சூடான சாப்பாட்டுக்கும் குடிதண்ணீருக்குமாக ஏறக்குறைய 120 நாள் வந்தது.

இதன் அருமை இன்னும் உயரத்தில் தெரிந்தது. 1952 மே 27-ஆம் தேதி, ஸ்விட்ஸர்லாந்துக் குழுவைச் சேர்ந்த லாம்பர்ட்டும் டென்சிங்கும் எவரெஸ்டில் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் இரவைக் கழித்தார்கள். ஸ்டவ் இல்லை; படுக்கைப் பையும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தியின் மேல் காலித் தகர டப்பாவைப் பிடித்துப் பனியை உருக்கி, வாய் நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் இன்னும் சுமார் இருநூறு மீட்டர் ஏறினார்கள். அதற்குமேல் முடியவில்லை; திரும்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அதே டென்சிங் ஹில்லரியோடு போனார். அந்தக் குழுவின் உடலியல் நிபுணர் கிரிபித் பியூ, உயரத்தில் மனிதன் ஏராளமாகத் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். கடைசிக் கூடாரத்துக்கும் ப்ரைமஸ் ஸ்டவ் போயிற்று. மே 28 இரவும் மறுநாள் விடியற்காலையும் எலுமிச்சை ரசமும் சர்க்கரையும் கலந்த சுடுநீரை வேண்டுமட்டும் குடித்தார்கள். ஹில்லரியின் பூட்ஸ் கல்லாக உறைந்து போயிருந்தது. அதையும் அந்த ஸ்டவ்வில் காட்டித்தான் இளக்கினார்கள். மே 29 பகல் பதினொன்றரை மணிக்குச் சிகரம். வெற்றிக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் மெழுகுவர்த்தியையும் தகர டப்பாவையும் நினைத்துக்கொண்டு அன்று சூடான குவளையைக் கையில் வாங்கிய டென்சிங்குக்கு அதன் மதிப்பு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை என் மருமான் பொறுமையாகக் கேட்டான். "சரி மாமா, நான் என்ன எடுத்துக்கொள்ளட்டும்?" என்றான்.

வழக்கு இப்படித் தீர்ந்தது. ஜீப் போகும் இடம் வரையில் வெண்கலப் பானை. அங்கே விறகு அடுப்பு, சாவகாசம், மாமியின் சோறு. அதற்கு மேலே ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு அலுமினியப் பாத்திரங்கள். அவற்றைத் தண்ணீரில்லாமல் நெருப்பில் வைக்கக் கூடாது. வெளிப்புறம் ஈர மண் பூசிவிட்டால் கரி தேய்க்கும் வேலை குறையும். துவரம்பருப்பு வேண்டாம், சீக்கிரம் வேகும் பாசிப்பருப்பை ஊறவைத்துப் போட வேண்டும்.

ஐந்தாம் நாள் பானை பத்திரமாகத் திரும்பி வந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்னியது. என் மனைவிக்குப் பரம சந்தோஷம். ஐந்து பேரில் அதைத் தேய்த்தது யார் என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் அதைப் பரண்மேல் ஏற்றியது யார் என்று நேயர்களும் கேட்க வேண்டாம்.