கற்படுக்கையில் கடைக்காரர்கள்

மதுரைக்கு வடக்கே, அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டியை அடுத்த குன்றில் ஓர் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. அமண முனிவர்கள் தங்குவதற்காக அங்கே கற்படுக்கைகள் வெட்டப்பெற்றன. அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. ஏறத்தாழ கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வெழுத்துகளில் அரசரைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அங்கே இருப்பவர்கள் அங்காடிக்காரர்கள்: உப்பு வணிகன் வியகன், பாணித வணிகன் நெடுமலன், கொழு வணிகன் இளஞ்சந்தன், அறுவை வணிகன் ஒருவன். பாணிதம் என்பது வெல்லப்பாகு. அறுவை என்பது துணி. கொழு என்பது கலப்பை முனையில் பொருத்தும் இரும்பு. மண்ணைப் பிளக்கும் கருவியை விற்றவர், மண்ணிலுள்ள சிற்றுயிருக்கும் அஞ்சி அடியெடுத்து வைத்த முனிவருக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்திருக்கிறார். உழவையே வாழ்வாகக் கொண்ட நம்மவர்க்கு இது வியப்பளிக்காது.

கரூரை அடுத்த புகழூரிலும் இதே காட்சிதான். யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணர்க்குச் சேர மரபினர் உறையுள் அமைத்த குன்றிலேயே, கருவூர்ப் பொன் வணிகன் நத்தியும் எண்ணெய் வணிகன் வேணி ஆதனும் இடம்பெற்றுள்ளனர். அரசகுலத்தாரும் எண்ணெய்க்கடைக்காரரும் ஒரே பாறையில்!

விற்ற பொருளால் ஒருவரைச் சுட்டும் வழக்கம் அண்மைக்காலம் வரை நம் சிற்றூர்களிலும் நிலவியது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து நயினார் குடும்பங்களில் முதியோர் இளமைக்காலத்தை நினைவுகூரும்போது, எண்ணெய்க்காரரும் உப்பு வண்டிக்காரரும் மளிகைக்கடைக்காரரும் தவறாமல் வருவர். ஆழாக்கைத் தலைதட்டாமல் அளந்து போட்டதும், கொசுறாகக் கைநிறையப் பொட்டுக்கடலை கொடுத்ததும், அறுவடைவரை பற்றெழுதிக் காத்திருந்ததும் பேச்சில் வரும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வீடென்று அறிந்து, கூட்டத்தை விலக்கி, நயினார் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் பொட்டலம் கட்டிக் கொடுத்த கடைக்காரரைப் பற்றிச் சொல்லும்போது சிலருக்குக் குரல் தழுதழுக்கும். அவர் வேற்றுச் சமயத்தவராகவே பெரும்பாலும் இருந்திருப்பார். ஆயினும் நம் வீட்டு அடுப்பு அணையும் நேரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் பெயர் என்ன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால்தான் தயக்கம் ஏற்படுகிறது. "எண்ணெய்க்காரர் என்றே கூப்பிடுவோம்" என்பதோடு விடை முடிந்துவிடுகிறது. வியகனுக்குப் பொருளும் பெயரும் சேர்ந்தே பாறையில் நிற்கின்றன. இவர்களுக்குப் பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது. பழைய வீடுகளின் பரண்களில் பற்றுப் புத்தகங்கள் சில இன்னும் கிடக்கக்கூடும். அவற்றின் முதற்பக்கத்தில் கடைக்காரர் பெயரை எழுதும் வழக்கம் பலரிடம் இருந்தது.