வீட்டுத் தறிக்கு வரி, வீட்டுக் கணினிக்கு வரி

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், தடையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களிடம் கூடுதல் வரி வாங்க வேண்டும் என்று எப்போதோ வந்த ஒரு செய்தியை யாரோ போட்டார்கள். என் மச்சான் உடனே "சரியான யோசனை" என்று எழுதினார். அவர் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் மெஸ் வைத்திருந்தவர். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள்தான் அவருக்கு வாடிக்கை. 2020-இல் அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள், மெஸ்ஸும் போனது. என் மருமகள் அப்படி வீட்டிலிருந்து வேலை செய்கிறவள். குழந்தை பிறந்த பிறகும் வேலையை விடாமல் இருக்க முடிந்ததே அதனால்தான். "மாமா, கரன்ட் பில், இன்டர்நெட், நாற்காலி எல்லாம் என் காசு. இதற்கு மேல் வரியா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். இடைநிலை ஆசிரியராக வேலை பார்த்தவன் நான், பொருளாதாரம் அவ்வளவு தெரியாது. ஆனால் குடியாத்தத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் நுழைந்ததும் குழித்தறிதான். நைனா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் மதியம் சோற்றுக்குத்தான் எழுவார். அம்மா தார் சுற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது என் வேலை. லுங்கித் தறி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் குழியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு போட முடியாது, தறி சும்மா நிற்கும். வீடும் அதுதான், ஆலையும் அதுதான். "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்று இன்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதைத்தான் எங்கள் தெருவே செய்துகொண்டிருந்தது.

இந்த வீட்டுத் தறிக்கு நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வரி இருந்தது. பல்லவர் செப்பேடுகளிலும் சோழர் கல்வெட்டுகளிலும் 'தறி இறை' என்ற சொல்லைப் பார்க்கலாம். கூடவே செக்கு இறை, தட்டாரப்பாட்டம், குயவனுக்குக் குசக்காணம் என்று ஒரு வரிசை வரும். வேடிக்கை என்னவென்றால், வரி வாங்கிய கணக்கில் இருந்து இதெல்லாம் நமக்குத் தெரியவரவில்லை. ஒரு ஊரைக் கோயிலுக்கோ பிராமணருக்கோ அரசன் தானம் கொடுக்கும்போது, "இனி இந்த இந்த வரிகள் அவர்களுக்கு" என்று பட்டியல் போட்டு வெட்டினார்கள். அரசன் விட்டுக்கொடுத்ததால்தான் என்னென்ன வாங்கினான் என்பது நமக்குத் தெரிகிறது!

ஏன் தறிக்கு வரி? நிலம் வைத்திருப்பவனிடம் விளைச்சலில் பங்கு கேட்கலாம். நிலமில்லாத நெசவாளியிடம் எதைக் கேட்பது? அவன் எவ்வளவு சம்பாதித்தான் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டுக்குள் எத்தனை தறி நிற்கிறது என்று எண்ணுவது சுலபம். இங்கிலாந்தில் 1662-இல் வீட்டு அடுப்பங்கரைக்கு வரி போட்டதும், 1696-இல் ஜன்னலுக்கு வரி போட்டதும் இதே புத்திதான். ஜன்னல் வரிக்குப் பயந்து அங்கே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நெசவாளி தறியை எப்படி அடைப்பான்? அதிகம் போனால் ஊரை விட்டுப் போவான். அப்படிப் போனதற்கும், 1429-இல் சோழநாட்டுப் பக்கம் வலங்கை, இடங்கைச் சாதிகள் ஒன்றாகக் கூடி, விஜயநகர அதிகாரிகளுக்கு இனி இவ்வளவுக்கு மேல் தரமாட்டோம் என்று கல்லில் வெட்டிவைத்ததற்கும் சான்று இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த வரிக்குப் பெயர் 'மோதர்பா'. தறி, கடை, தச்சன் உளி, கொல்லன் பட்டறை எல்லாம் இதில் அடக்கம். நம் சென்னை மாகாணத்தில் இது மிகவும் கசந்துபோன வரி. 1813-க்குப் பிறகு லங்காஷயர் துணி குறைந்த சுங்கத்தில் இங்கே வந்து இறங்கியது. இங்கே வீட்டில் நெய்கிறவனோ தறிக்குக் காசு கட்டிவிட்டு அந்தத் துணியோடு போட்டி போட வேண்டும். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னை சுதேச சங்கத்தைத் தொடங்கினார். காங்கிரஸ் பிறப்பதற்கு 33 வருடம் முன்பு! அந்தச் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் மோதர்பாவுக்கு எதிரான முறையீடு இருக்கிறது. தெருவோரம் உட்கார்ந்து விற்பவனைக்கூட விடவில்லை என்றும், கருவியின் விலையைப்போல ஆறு மடங்கு வரி வந்த இடங்கள் உண்டு என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க 1854-இல் ஒரு குழுவே போட வேண்டி வந்தது. 'கிட்டி' என்று இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிப்பார்கள். மறு வருடம் வந்த அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. நான் பாடம் நடத்தும்போது இதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் 1860. சிப்பாய்க் கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலி. ஜேம்ஸ் வில்சன் என்பவர் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி கொண்டுவந்தார். அப்போதைய சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன், புது வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்று எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் அதைப் பத்திரிகையிலும் வெளியிட்டார். பதவி போனது. (அயர்லாந்துப் பஞ்சத்தில் அந்த மக்களிடம் கல் நெஞ்சக்காரராக நடந்தவர் என்று பெயர் வாங்கியவர் இவர். மனிதர்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.) எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தச் சட்டத்தில் ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே வருமானம் உள்ளவனுக்கு வரி இல்லை. உன் வீட்டில் என்ன நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த சர்க்கார், உன் கைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்க ஆரம்பித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியதும் மோதர்பாவும் கதை முடிந்து போனது.

இப்போது மச்சான் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அது 2020 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்சே வங்கியின் ஆய்வுப் பிரிவு சொன்னது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளின் சம்பளத்தில் 5 சதவீதம் வரி. கம்பெனி அலுவலகத்தில் மேஜை தரவில்லை என்றால் கம்பெனி கட்ட வேண்டும், மேஜை இருந்தும் ஊழியர் தானாக வீட்டில் இருந்தால் ஊழியர் கட்ட வேண்டும். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணிமணிச் செலவு மிச்சமாகிறதே, அதில் ஒரு பங்கை வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத குறைந்த சம்பளக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்பது வாதம். எந்த நாடும் இதை ஏற்கவில்லை. அதே சமயத்தில் பிரிட்டனில் நேர்மாறாக, வீட்டில் வேலை செய்பவருக்கு வாரம் 6 பவுண்டு கணக்கில் வரிச்சலுகை கொடுத்தார்கள். நம் நாட்டில் மாதச் சம்பளக்காரருக்கு அப்படித் தனிக் கழிவு எதுவும் இல்லை.

மச்சானுக்காக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இது மோதர்பா மாதிரி இல்லை. சம்பளத்தில் சதவீதம்தான், குறைந்த சம்பளக்காரருக்கு விலக்கும் உண்டு. அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள், கம்பெனிக்காரன் தறிக்காசை வாங்கி நெசவாளிக்கு என்ன செய்தான்? ஆனாலும் நான் மருமகள் பக்கம்தான். 50,000 ரூபாய் சம்பாதிக்கும் இரண்டு பேர், ஒருவர் ஆபீஸ் நாற்காலியில், ஒருவர் வீட்டு நாற்காலியில். இதில் ஒருவர் மட்டும் அதிகம் கட்டுவதை நான் எப்படி நியாயம் என்பேன்? 160 வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வந்த கேள்விக்கே மறுபடி போகிறோம். எவ்வளவு சம்பாதித்தாய் என்பதை விட்டு எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்கிறோம். உட்கார்ந்த இடத்தை யார் வந்து எண்ணுவது? மெஸ்காரருக்கும் பஸ் டிரைவருக்கும் உதவி வேண்டும் என்றால், நிறையச் சம்பாதிக்கும் எல்லாரிடமும் வாங்கிக் கொடுக்கட்டும்.

எங்கள் ஊரிலேயே வேறு ஒரு வழி இருந்தது. குடியாத்தம் பக்கம் நெசவுபோலவே பீடியும் வீட்டுத் தொழில். பெண்கள் முறத்தை மடியில் வைத்துச் சுருட்டுவார்கள். 1976-இல் பீடித் தொழிலாளர் நலவரிச் சட்டம் வந்தது. வீட்டில் சுருட்டும் பெண் எதுவும் கட்ட வேண்டாம். உற்பத்தியாகும் பீடிக்கு வரி, அதைக் கட்டுவது கம்பெனி, அந்தப் பணம் நலநிதிக்கு. அந்த நிதியிலிருந்து வந்த உதவித்தொகைக்கு எத்தனை பிள்ளைகளுக்கு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அம்மாவின் அடையாள அட்டையைக் கசங்கிய பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். இதைப் படிப்பவர்களில் நான்கைந்து பேராவது அந்தப் பணத்தில் நோட்டு வாங்கியவர்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் மச்சானிடம் போனில் சொன்னேன். "மாமா, நீங்கள் பல்லவனையும் சோழனையும் சொல்கிறீர்கள், என் அட்வான்ஸ் பணத்தை யார் தருவார்கள்?" என்றார். கடைக்காரர் பிடித்துக்கொண்ட பணம் இன்னும் வரவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அவர் மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். வாங்குகிறவர்கள் பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள்தானாம். இதை மருமகளிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எழுதும் வேகத்தில் மறந்துவிட்டேன்.