'பேங்க்': ஒரு சொல்லா, மூன்று சொற்களா?

ஒலி ஒன்று, சொல் இரண்டு என்பதற்கு ஆங்கிலப் பொருண்மையியல் பாடநூல்கள் சலிக்காமல் காட்டும் சான்று 'பேங்க்'. ஆற்றங்கரையும் பணம் போட்டுவைக்கும் இடமும் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்தன என்பார்கள். அந்தத் தற்செயல் ஐயத்துக்குரியது.

பிரிவினைக்கு ஆதாரம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. கரை, மேடு ஒரு பதிவு, இருக்கை, வரிசை இன்னொன்று, பணம் மூன்றாவது. முதற்பொருள் 1200 வாக்கில் ஸ்காண்டிநேவியத் தொடர்பால் வந்தது. இரண்டாவது பிரெஞ்சின் கொடை. மூன்றாவது இத்தாலியில் கிளம்பி 15ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இங்கிலாந்தை எட்டியது. ஆனால் இத்தாலியரின் 'பாங்கா' காசு மாற்றுவோர் கடைவிரித்த பலகை. அவர்களுக்கே அது ஜெர்மானியர் தந்த சொல். பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஸ்காண்டிநேவியச் சொல்லுக்கும் அதே வேர்தான். 'பெஞ்ச்' கூட இக்குடும்பத்தில் ஆங்கிலேயர் வீட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளை. ஆக, அகராதியின் மூன்று பதிவுகளும் சுங்கச்சாவடிக் குறிப்புகள் போன்றவை: சொல் எந்த வழியாக நுழைந்தது என்பதைச் சொல்கின்றன, பொருள் எங்கே முறிந்தது என்பதைச் சொல்வதில்லை. மூலவேர் முதலில் குறித்தது மண்திட்டையையா, பலகையையா என்று துணிந்து கூற இயலாது. வாதத்துக்கு அது தேவையுமில்லை.

பாடநூல்கள் தொடாமல் விடும் இரண்டாம் பதிவில்தான் சிக்கல் முற்றுகிறது. துடுப்பு வலிப்போரின் பலகை, துடுப்பு வரிசையாயிற்று. பின்னர் சுவிட்சு வரிசை, விளக்கு வரிசை. திரண்டு நிற்கும் மூடுபனியும் 'பேங்க்'தான். ஆனால் அகராதியில் பனி கரையோடு சேர்கிறது, விளக்குகள் இருக்கையோடு சேர்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே கோடு எங்கே ஓடுகிறது என்று எந்த ஆங்கிலேயரால் சொல்ல முடியும்? 1937இல் சிகாகோ மருத்துவமனையொன்றில் பெர்னார்ட் ஃபான்டஸ் சூட்டிய 'பிளட் பேங்க்' என்ற பெயரில் இந்தக் குழப்பம் இல்லை. அது பணத்தின் வழித்தோன்றல் என்பது பார்த்ததுமே தெரியும்.

இன்று பேசுவோர் கரைக்கும் பணத்துக்கும் உறவு காண்பதில்லையே என்பது வழக்கமான மறுப்பு. இருக்கட்டும். பேசுவோரின் உணர்வே அளவுகோலானால் 'இயர்' என்பதை ஒரே சொல்லாக்க வேண்டும்: காதும் தானியக் கதிரும் வேரில் வேறு வேறு, ஆயினும் கதிரைச் செடியின் காதாக எண்ணுவோர் உண்டு. அகராதியோ அதை இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறது. வரலாறே அளவுகோலானால் 'பேங்க்' ஒன்றாகிவிடும். ஒரு சொல்லுக்கு ஓர் அளவுகோல், அடுத்த சொல்லுக்கு மற்றொன்று என்பது முறையன்று.

இது அகராதிக்காரர்களோடு முடிகிற வழக்கும் அன்று. சொல்லறிதல் சோதனைகள் பலவும் அகராதிப் பதிவுகளை எண்ணித்தான் ஒரு சொல்லைப் 'பலபொருள்' என்றோ 'ஒப்பொலி' என்றோ பிரிக்கின்றன. ஒப்பொலிச் சொற்களின் பட்டியலில் 'பேங்க்' இருக்கும்வரை அதைக்கொண்டு அளந்தது எதை என்று தெளிவாகச் சொல்ல முடியாது. அவ்விடத்துக்குப் பொருத்தமான சொல் 'பார்க்': மரப்பட்டை ஸ்காண்டிநேவியக் கடன், நாயின் குரைப்பு பழைய ஆங்கிலம். வேரிலும் உறவில்லை, பேசுவோர் மனத்திலும் இல்லை.