குடம்புளியும் குளிகையும்

சென்ற தவக்காலத்துக்குச் சற்று முன்னர், உறவுமுறையில் நமக்கு மகளாகும் பெண்ணொருத்தி பாளையங்கோட்டையிலுள்ள நம் இல்லத்துக்கு வந்திருந்தாள். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் அவளுக்குத் திருமணம். நிச்சயம் செய்ய வந்தவர்களுள் யாரோ ஒருவர், "பெண் கொஞ்சம் கனத்த உடம்பு" என்று போகிற போக்கில் சொன்ன சொல் அவள் காதில் விழுந்திருக்கிறது. அன்றுமுதல் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, உறக்கமும் வரவில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் அண்ணன் வாங்கியனுப்பிய குப்பியொன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து நம்முன் வைத்து, "இதச் சாப்பிடலாமா, பெரியப்பா? சீட்டு இல்லாமலே கடையில கிடைக்குமாம், வெறும் மூலிகைதானாம்" என்று கேட்டாள்.

குப்பியின்மேல் 'கார்சினியா கம்போஜியா' என்று அச்சிடப்பட்டிருந்தது. அப்பெயரைப் படித்ததும் நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கடல் கடந்து, விமானமேறி, பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பெற்ற அந்த அரிய மருந்து வேறொன்றுமன்று. நம் பொதிகை மலையின் மடியிலே விளையும் குடம்புளிதான்! அந்தப் பழம் குளிகையான வரலாற்றை அவளுக்கு எடுத்துரைத்தோம். வாசக அன்பர்களுக்கும் அது பயன்படலாம் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதத் துணிகிறோம்.

மலையில் பிறந்த கனி

தாமிரபரணி தோன்றும் அகத்தியர் மலைத்தொடரும், அதன் வடக்கிலும் தெற்கிலும் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையும் குடம்புளி மரத்தின் தாயகமாகும். களக்காடு, முண்டந்துறைக் காடுகளின் உயர்ந்த பகுதிகளில், மழை ஓயாத பசுமைமாறாச் சோலைகளில் இம்மரம் தானாகவே வளர்கிறது. மலைக்கு மேற்கே கேரளத்திலோ வீட்டுத் தோட்டங்களிலும் நிற்கிறது. சிறு பூசணிபோல் வரிவரியாகப் பள்ளம் விழுந்த அதன் கனி பழுத்தால் மஞ்சளாகும். தோலைக் கீறி, வெயிலிலும் புகையிலும் உலர்த்தினால் கரியநிறம் பெற்று ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். கேரளத்தாரும் குமரி மாவட்டத்தாரும் மீன்குழம்பில் இதனை இடுவர். இலங்கையில் இதுவே 'கொறக்கா' என்று வழங்குகிறது. கிழக்குச் சரிவில் வாழும் நமக்குச் சமவெளிப் புளியே பழக்கமாதலால் குடம்புளி சற்று அயலானதாயிற்று. எனினும், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சரக்குகளுள் அதுவும் ஒன்று என்பதை நம் மூத்தோர் அறிவர்.

புளிப்புக்காகவும், மீன் கெடாமல் காப்பதற்காகவும் நம் முன்னோர் இதனைப் பயன்படுத்தினர். உடல் மெலிய வேண்டும் என்பதற்காக எவரும் குடம்புளியைத் தேடி மலையேறியதாகத் தெரியவில்லை. மெலிவுதான் அவர்களுடைய அச்சமாயிருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நூலேறிய மரம்

மேலைநாட்டார் இம்மரத்தை அறிந்துகொண்ட கதையில் நம் திருச்சபைத் துறவி ஒருவருக்கும் பங்குண்டு. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராயிருந்த வான் ரீடு, மலபாரின் செடிகொடிகளையெல்லாம் படத்துடன் தொகுக்க விரும்பினார். அதற்குத் தொடக்கத்தில் துணைநின்றவர் இத்தாலிய நாட்டுக் கார்மேல் சபைத் துறவி அருள்தந்தை மத்தேயு. மூலிகை அறிவை வாரி வழங்கியவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். கொங்கணி அந்தணர் மூவரும் உடனிருந்தனர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த டச்சுக்காரரும், கத்தோலிக்கத் துறவியும், இந்து வைத்தியர்களும் ஒருங்கிருந்து ஆக்கிய அந்நூலே 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. முதல் தொகுதியிலேயே குடம்புளி தன் நாட்டுப் பெயருடன் இடம்பெற்றுள்ளது.

அடுத்த நூற்றாண்டில் லின்னேயஸ் இம்மரத்துக்கு இலத்தீன் பெயர் சூட்டியபோது ஒரு குழப்பம் நேர்ந்தது. கம்போடியா, சயாம் நாடுகளிலிருந்து வந்த மஞ்சள் பிசின் ஒன்று ஓவியர்களுக்கு வண்ணமாகவும், மருத்துவர்களுக்குக் கடும்பேதி மருந்தாகவும் அந்நாளில் பயன்பட்டது. அப்பிசின் தரும் மரமும் குடம்புளியும் ஒரே குடும்பத்தன. ஆயினும் வேறு வேறு. அந்நிலையிலும் பிசினின் பெயர் நம் மரத்தின்மேல் ஏறிவிட்டது. 'கம்போஜியா' என்பதன் பொருள் கம்போடியாவுக்கு உரியது என்பதே. பொதிகைக் கனிக்குக் கம்போடியாவின் பெயர்! குப்பியின்மேல் உள்ள பெயரே ஒரு பழைய பிழையின் நினைவுச்சின்னம் எனலாம்.

அந்த மஞ்சள் பிசினுக்கும் ஒரு குளிகைக் கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், அனைத்து நோய்க்கும் ஒரே மருந்து என்று விற்கப்பட்ட மோரிசன் குளிகைகளில் அது கலந்திருந்தது. அவையும் தாவரக் குளிகைகள் என்றே விளம்பரம் பெற்றன. அளவுமீறி உண்டோர் இறந்தமையால், 1830களில் விற்றோர் சிலர் மனிதக்கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளாயினர். தாவரம் என்ற சொல் தீங்கின்மைக்கு உறுதி ஆகாது என்பதை உலகம் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில்

குடம்புளியின் புளிப்பு எலுமிச்சையின் அமிலத்தாலோ, நாட்டுப்புளியின் அமிலத்தாலோ ஆனது என்று நெடுநாள் கருதப்பட்டது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் லூயிஸ், நீலகண்டன் என்னும் இரு அறிஞர்கள் அக்கருத்தைத் திருத்தினர். ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்னும் தனிப்பொருளே அதில் மிகுதியாக உள்ளது என்று 1965இல் வெளியிட்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க ஆய்வாளர்கள், உண்ட மாவுப்பொருளின் மிகுதியை ஈரல் கொழுப்பாக மாற்றும் வழியில் உள்ள ஒரு நொதியை இவ்வமிலம் தடுக்கிறது எனக் கண்டனர். 1970களில் ஒரு பெரிய மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு இதனை ஊட்டினர். எலிகள் குறைவாக உண்டன. கொழுப்பும் குறைவாகச் சேர்ந்தது. ஆயினும் மனிதருக்குரிய மருந்தாக அது வெளிவரவில்லை.

காரணம் என்ன? எலியின் உடல் மாவுப்பொருளை எளிதில் கொழுப்பாக்கும். வழக்கமான உணவு உண்ணும் மனிதரிடத்தில் அம்மாற்றம் மிகச் சிறிதே நிகழ்கிறது. நம் உடலில் சேரும் கொழுப்பின் பெரும்பகுதி, நாம் உண்ணும் எண்ணெயிலிருந்தும் நெய்யிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் நேரே வருவது. ஆள் அதிகம் நடமாடாத ஒற்றையடிப் பாதையை அடைப்பதால் நகருக்குள் வரும் கூட்டம் குறைந்துவிடுமா?

சந்தைக்கு வந்தது

1994இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மூலிகைச் சாறுகளை உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில், பயனை முன்கூட்டி மெய்ப்பிக்காமலேயே விற்க வழிசெய்தது. குடம்புளிக்குப் பொற்காலம் பிறந்தது. மலபார்க் கரையின் உலர்ந்த தோல் சாறாகவும் தூளாகவும் கப்பலேறி, குளிகையாக உருமாறி, பன்மடங்கு விலையுடன் திரும்பி வந்தது.

அக்குளிகையை முறையாகச் சோதித்த ஆய்வு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பருமனான 135 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் குடம்புளிச் சாறும் மற்றதற்கு மருந்தற்ற வெறும் குளிகையும் 12 வாரம் கொடுத்தனர். இருசாராருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. முடிவில், குடம்புளி உண்டோர் சராசரியாக 3.2 கிலோ குறைந்தனர். வெறும் குளிகை உண்டோர் 4.1 கிலோ குறைந்தனர்! இந்த வேறுபாடு தற்செயலானது என்றே ஆய்வாளர் கொண்டனர். மருந்துக்குத் தனிப்பயன் இல்லை என்பதே பொருள். எடையைக் குறைத்தது உணவுக் கட்டுப்பாடுதான். 2011இல் பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோதும் குடம்புளிக்குக் கிடைத்த ஆதாயம் ஒரு கிலோவுக்கும் குறைவே. அதுவும் செம்மையாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் தேய்ந்து போயிற்று.

எனினும் வாணிகம் ஓயவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் இதனைப் போற்றிப் பேசினார். 2014இல் அந்நாட்டு மேலவைக் குழுவொன்று அவரை அழைத்து, அற்புத மருந்துகள் என்று கூறியமை பற்றிக் கடிந்து வினவியது.

ஈரலின் சாட்சியம்

பயனில்லை என்பதோடு நின்றிருந்தால் பணம் மட்டுமே நட்டம் என்று ஆறுதல் கொள்ளலாம். 2009 மே மாதத்தில், எடைக்குறைப்புக்கென விற்கப்பட்ட 'ஹைட்ராக்சிகட்' என்னும் பொருளை உண்ண வேண்டா என்று அமெரிக்க அரசு எச்சரித்தது. ஈரல் பாதிப்புற்றோர் பற்றிய 23 முறையீடுகளும், அவற்றுள் ஓர் இளைஞரின் மரணமும் அதற்குக் காரணம். அதில் பல சரக்குகள் கலந்திருந்தமையால் குற்றம் எதனுடையது என்று அன்று அறுதியிட இயலவில்லை. பின்னர் அந்நாட்டு ஈரல் ஆய்வுக் குழு, 2004 முதல் 2018 வரை சேர்ந்த நோயாளரை ஆராய்ந்து, குடம்புளிச் சாற்றோடு தொடர்புடைய 22 பேரைக் கண்டது. அவர்களுள் ஐவர் உண்டது குடம்புளிச் சாறு மட்டுமே. கோடிக்கணக்கானோர் உண்பதில் இது சிறுதொகை என்பர் சிலர். பயனே இல்லாத பொருளுக்காக ஒருவர் ஈரலை இழப்பதும் மிகையன்றோ?

"காலங்காலமாகக் குழம்பில் இட்டு உண்கிறோமே, அது நஞ்சா?" என்று கேட்கலாம். இல்லை. குழம்பில் இடும் இரண்டு மூன்று துண்டுகளின் புளிப்பை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. துண்டுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறோம். செறிவூட்டிய சாற்றை வேளைதோறும், வெறுவயிற்றில், மாதக்கணக்கில் ஒருவரே விழுங்குவது வேறு. உணவு என்ற நற்பெயரை மருந்து கடன்வாங்கிக்கொள்வதே இங்குள்ள சூது.

ஏனைய குளிகைகளின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. 1933இல் புகழ்பெற்ற டைநைட்ரோபீனால், உடல் வெப்பத்தை ஏற்றிக் கொழுப்பை எரித்தது. சிலருடைய கண்ணொளியையும் உயிரையும் பறித்தது. கடையில் சீட்டின்றிக் கிடைத்த பினைல்புரொப்பனோலமின், மூளையில் இரத்தக்கசிவு உண்டாக்கும் எனக் கண்டு 2000இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. இதய நோயாளருக்கு ஊறு செய்த சிபுட்ரமின் நம் நாட்டில் 2011இல் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரும் 'மூலிகை' என்ற பெயரில் விற்ற பல குளிகைகளுக்குள் அது ஒளிந்திருக்கக் கண்டனர். மருந்துக்கடைக் குளிகைகளுள் ஓரளவேனும் மெய்ப்பிக்கப்பட்டது ஆர்லிஸ்டாட் ஒன்றே. அதுவும் உணவுக் கட்டுப்பாட்டோடு ஓராண்டு உண்டால் இரண்டு மூன்று கிலோ மிகையாகக் குறைக்கும். எண்ணெய்க் கழிச்சலையும் உயிர்ச்சத்துக் குறைவையும் உடன் தரும். அண்மைக்கால ஊசிமருந்துகள் வலிமையுடையன. ஆனால் அவை மருத்துவர் பொறுப்பில் மட்டுமே கொள்ளத்தக்கவை.

நம் நாட்டுச் சட்டமும் இதில் உறங்கவில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத்தீர்வு விளம்பரத் தடைச் சட்டம், மருந்தால் தீரும் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் உடற்பருமனையும் சேர்த்துள்ளது. ஆயினும் பேருந்தின் முதுகிலும், சுவரொட்டியிலும், கைப்பேசியிலும் நாம் காண்பது என்ன?

பஞ்சம் கண்ட பள்ளத்தாக்கு

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைந்த தானியமும் ஒரு சிறு காசுமே போதும் என்று 1877இல் அதிகாரி டெம்பிள் வரையறுத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாதெனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். ஆற்றுப்பாசனம் இருந்த நம் வயல்கள் ஓரளவு தாங்கின. வடக்கே கரிசல் மண்ணில் துயரம் பெரிது. கார், பிசானம் என்று இருபோகம் விளையும் கரையில் வாழ்ந்தோருக்கும் சதைப்பிடிப்பான உடல் அந்நாளில் நற்பேற்றின் அடையாளமாகவே இருந்தது.

இன்று நிலை தலைகீழாயிற்று. 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு 31 பேர் மிகை எடையினர்; 2019-21இல் அது 40 ஆயிற்று. ஆண்களும் 28இலிருந்து 37க்கு ஏறினர். உடல் அதே உடல். கிடைத்தபோது சேமித்துவைக்கும் அதன் இயல்பும் பழையதே. உழவும் நடையும் போயின. தீட்டிய அரிசியும், பரோட்டாவும், நெய் வடியும் அல்வாவும் அன்றாடமாயின. ஆகவே பருமனை வெறும் அழகுக்குறை என்று தள்ளுவதும் பிழை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அதன் பின்னே வருவன. கவலை நியாயமானதே, தேர்ந்த வழிதான் தவறு.

நாம் சொன்னது

அந்தப் பெண்ணுக்கு நாம் கூறியது இதுவே: "குளிகை உனக்குத் தரக்கூடியது ஒரு கிலோவும் இல்லை, ஈரலுக்கு ஆபத்து உண்டு. ஆகவே வேண்டாம், மகளே. எடை உண்மையிலேயே மிகையா என்பதை மருத்துவரிடம் அளந்து பார். மிகையெனில், சோற்றைச் சற்றுக் குறைத்துக் காய்கறியையும் பயற்றையும் கூட்டு. நாளும் முக்கால் மணிநேரம் நட. திருமண நாளைக் கெடுவாக வைக்காமல் ஓராண்டை வை. குடம்புளி வேண்டுமானால் மீன்குழம்பில் போட்டுக்கொள்!" அவள் சிரித்தாள். ஆனால் குப்பியை மறவாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் விடைபெற்றாள்.

அக்கைப்பை நம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முந்நூறு ஆண்டு வரலாற்றைக் கூறியும், போகிற போக்கில் ஒருவர் வீசிய ஒரு சொல்லின் வலிமைக்கு நம் சொல் ஈடாகவில்லையோ? பெண் பார்க்கச் செல்லும் பெற்றோரே, உறவினரே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு வந்து காப்பி அருந்திவிட்டு, கன்றுகாலியை மதிப்பிடுவதுபோல் ஒரு பெண்ணின் உடலை நாவால் நிறுத்துப் பார்க்காதீர்கள். குளிகையை விற்பவன் கடைக்காரன். அதனை வாங்கத் தூண்டுபவர் நாமாக இருத்தல் ஆகாது.