பசலி: ஒரு சொல்லும் பல கலைகளும்

தஞ்சைத் தரணியில் ஒரு மா நிலம் உடையவர் வீட்டிலும் 'பசலி' என்னும் சொல் புழங்குகிறது. கிஸ்தி ரசீதில் பசலி எழுதப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலிலும் பசலியே ஆண்டாகும். 2025 ஜூலை முதல் நாள் பசலி 1435 பிறந்தது. சம்பாப் பயிருக்குக் காப்பீடு செய்ய விரும்பும் விவசாயி, 2016-இல் மத்திய அரசு தொடங்கிய 'பிரதம மந்திரி ஃபசல் பீமா யோஜனா'வின் விண்ணப்பத்தோடு அந்தப் பசலிக்குரிய அடங்கலையும் இணைக்கிறார். திட்டத்தின் பெயரிலுள்ள 'ஃபசல்' வடநாட்டு வழக்கில் பயிரைக் குறிக்கும். அடங்கலிலுள்ள 'பசலி' ஆண்டைக் குறிக்கும். இரண்டும் 'ஃபஸ்ல்' என்னும் ஒரே அரபுச் சொல்லின் வழிவந்தவை. அரபுக் கல்லூரி மாணவர் 'ஃபத்ஹுல் முயீன்' ஓதும்போது கிதாப், பாப் என்பவற்றின் கீழே உட்பிரிவுத் தலைப்பாக நாள்தோறும் காணும் ஃபஸ்லும் இதுவேயாகும்.

சொல்லின் வேரெழுத்துகள் ஃபா, ஸாத், லாம் என்பன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தல், இரண்டிற்கும் இடையே எல்லையிடுதல் என்பதே அடிப்படைப் பொருள். திருக்குர்ஆனில் மறுமை நாளுக்கு 'யவ்முல் ஃபஸ்ல்' என்னும் பெயர் வருகிறது. நல்லோரையும் தீயோரையும் பிரிக்கும் நாள் அது. குழந்தையைப் பால்குடியிலிருந்து பிரிப்பதை 'ஃபிஸால்' என்று லுக்மான் அத்தியாயம் குறிக்கிறது. பெருங்குலத்திலிருந்து பிரிந்த நெருங்கிய உறவுக் கூட்டம் 'ஃபஸீலா' ஆகும். இன்றைய அரபுத் தாவரவியலார் தாவரக் குடும்பத்திற்கும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டனர்.

நம் ஃபிக்ஹு நூல்கள் எந்த அத்தியாயத்தைத் தொடங்கினாலும், ஒரு சொல்லுக்கு 'லுகத்'தில், அதாவது மொழி வழக்கில், என்ன பொருள், 'இஸ்திலாஹி'ல், அதாவது கலை வழக்கில், என்ன பொருள் என்று முதலில் வரையறுத்துக்கொள்ளும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. பத்தாம் நூற்றாண்டில் 'மஃபாத்தீஹுல் உலூம்' எழுதிய அல்-குவாரிஸ்மி (அல்ஜிப்ரா தந்த கணித மேதை வேறு, இவர் அரசு எழுத்தர்) தம் முன்னுரையில் 'ரஜ்ஆ' என்ற சொல்லை எடுத்துக்காட்டுகிறார். ஃபிக்ஹு அறிஞருக்கு அது தலாக் சொன்ன மனைவியை மீட்டுக்கொள்வது; வானநூலாருக்குக் கோளின் பின்னோக்கிய செலவு; படைக்கணக்கு எழுத்தருக்கு ஊதியம் வழங்கும்போது எழுதும் ஒரு கணக்கு. கலையின் வழக்கு அறியாதவர் மொழியில் எவ்வளவு வல்லவராயினும் அந்தக் கலை நூலைத் திறந்தால் எழுத்தறியாதவர் போலாவார் என்பது அவர் கருத்து. இதே பணியை நம் நாட்டில் முஹம்மத் அஃலா தானவி செய்தார். 1745-இல் அவர் முடித்த 'கஷ்ஷாஃபு இஸ்திலாஹாத்தில் ஃபுனூன்' ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் கலைதோறும் உள்ள பொருளைத் தொகுத்துரைப்பது. ஆசியக் கழகத்தின் வாயிலாகக் கல்கத்தாவில் அது அச்சேறியது 1862-இல்.

ஃபஸ்ல் என்பதை அந்த முறையிலேயே நோக்குவோம். மன்திக் என்னும் தருக்கக் கலையில் அது ஐந்து பொதுமைகளுள் ஒன்று. 'ஈஸாகோஜி' ஓதிய எவரும் இதை அறிவர். மனிதனும் குதிரையும் 'உயிரினம்' என்னும் ஜின்ஸில் (பேரினத்தில்) ஒன்றுபடுகின்றனர். மனிதனைப் பிரித்துக் காட்டுவது 'நாத்திக்' என்னும் பண்பு, அதாவது பகுத்தறிந்து மொழிதல். அந்தப் பண்பே ஃபஸ்ல் ஆகும். சிரிக்கும் இயல்பும் மனிதனுக்கு மட்டுமே உரியதுதான். ஆனால் அது ஃபஸ்ல் ஆகாது, 'காஸ்ஸா' ஆகும். ஏனெனில் சிரிப்பு மனிதத் தன்மையின் உட்கூறன்று; அதனோடு ஒட்டி வருவது. வழக்குமொழியில் 'பிரிப்பது' என்று சொன்னால் இரண்டும் அடங்கிவிடும். தருக்கநூலார் அப்படி அடங்கவிடுவதில்லை. சொல்லின் பரப்பைக் குறுக்குவதாலேயே அதற்குக் கூர்மை வருகிறது.

கணிதத்தில் நிலைமை இன்னும் சுவையானது. அளவு என்பது இருவகை என்பர் ஹிக்மத் நூலார். கோடு, பரப்பு, கனவடிவு, காலம் ஆகியவை 'முத்தஸில்' (தொடர்ந்தவை). எண் 'முன்ஃபஸில்' (பிரிந்து நிற்பது). ஒரு கோட்டை எங்கே இரண்டாகக் கருதினாலும் இரு பாதிகளுக்கும் பொதுவாக ஒரு புள்ளி உண்டு. சென்றதற்கும் வருவதற்கும் இடையே 'இப்போது' என்பது பொது எல்லை. பத்து என்ற எண்ணில் முதல் ஐந்துக்கும் அடுத்த ஐந்துக்கும் அப்படிப்பட்ட பொது எல்லை கிடையாது. இதே 'முன்ஃபஸில்', யூக்ளிடின் பத்தாம் நூலைப் பெயர்த்தோர் கையில் வேறொரு பொருள் பெற்றது. ஒரு நீளத்திலிருந்து அதனோடு பொது அளவில்லாத இன்னொரு நீளத்தை வெட்டிக் கழித்தபின் எஞ்சுவது, அதாவது இரண்டிலிருந்து இரண்டின் வர்க்கமூலத்தைக் கழித்தால் மிஞ்சுவது போன்றது, அங்கே முன்ஃபஸில் எனப்பட்டது. ஆக, ஒரே கணிதக் கலைக்குள்ளும் சொல்லுக்கு இரண்டு வீடுகள் உள்ளன! தசமப் புள்ளிக்கு இன்றைய அரபுப் பாடநூல்கள் இடும் 'ஃபாஸிலா' என்ற பெயரைச் சேர்த்தால் மூன்று.

மருத்துவத்தில் எலும்பும் எலும்பும் பிரியும் மூட்டு 'மஃப்ஸில்' ஆகும். ஹிப்போகிராட்டஸின் மணிமொழித் தொகுப்பை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) அரபியாக்கியபோது நூலின் பெயரே 'ஃபுஸூல்' ஆயிற்று. அதன் மூன்றாம் பகுதி பருவங்களும் நோய்களும் பற்றியது. பருவத்திற்கும் அரபியில் ஃபஸ்ல் என்றே பெயர். ஃபுஸூலுக்குள் ஃபுஸூல் என்று மாணவர் நகைப்பதுண்டு. பலாகத் என்னும் அணிக்கலையிலோ, வாக்கியங்களை இணைப்பிடைச்சொல் இன்றி நிறுத்துவது 'ஃபஸ்ல்', இணைத்துச் சொல்வது 'வஸ்ல்'.

பருவம் என்ற பொருளே நம்மைக் காவிரிக் கரைக்கு இட்டுவருகிறது. காலம் தொடரளவு என்றோம். தொடரளவை எண்ணிக்கைக்குக் கொண்டுவர அதை எங்கேனும் வெட்டியாக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதுதான் ஆண்டுக் கணக்கின் முழுச் சிக்கலும்.

ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. அதற்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. இடையில் ஒரு மாதத்தைச் செருகிப் பருவத்தோடு இணைக்கும் 'நஸீஉ' முறையைக் குர்ஆன் தடுத்துவிட்டது. ஆகவே ரமளானும் ஹஜ்ஜும் எல்லாப் பருவங்களிலும் சுற்றிவரும். வணக்கத்திற்கு அது அழகு. விளைச்சலோ சூரியனுக்குக் கட்டுப்பட்டது. 32 அறுவடைக்குள் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் கடந்துவிடும். வரியை ஹிஜ்ரி ஆண்டுதோறும் தண்டினால், உழவர் விளையாத ஓர் ஆண்டுக்கும் வரி கட்ட நேரிடும். ஷரீஅத்தே இந்த இரு காலங்களையும் வேறாக வைத்துள்ளது என்பதை இங்கு நினைவுகூரலாம். பணத்திற்கும் பொன்னுக்கும் ஸகாத் கடமையாக ஒரு சந்திர ஆண்டு நிறைய வேண்டும். நெல்லுக்கு அந்த நிபந்தனை இல்லை, அறுவடையே அதன் காலம். (பணத்தின் ஸகாத்தை ஆங்கில ஆண்டுக் கணக்கில் கொடுத்துவரும் வணிகப் பெருமக்கள் இதன் மறுபக்கத்தைக் கவனிக்க வேண்டும்: 33 ஹிஜ்ரி ஆண்டுகளில் ஓர் ஆண்டு ஸகாத் அவர்கள் கணக்கில் விடுபட்டுப்போகும்.)

ஆண்டுக் கணக்கு பருவத்தைவிட்டு நழுவினால் நேரும் இடரை அப்பாசியர் கண்டனர். அவர்களுடைய வரி ஆண்டு பாரசீக நவ்ரோஸை ஒட்டியது. பாரசீகரின் இடைச்செருகல் வழக்கொழிந்துபோனதால் அதுவும் முன்னே நழுவிக்கொண்டிருந்தது. கலீஃபா முதவக்கில் (847–861) வேட்டைக்குச் சென்ற இடத்தில் பயிர் இன்னும் பச்சையாக நிற்கக் கண்டார். அப்போதே கராஜ் தண்ட அனுமதி கேட்கப்பட்டதை எண்ணி வியந்தார் என்று அல்-பிரூனி தம் 'அல்-ஆஸாருல் பாக்கியா'வில் எழுதுகிறார். 895-இல் கலீஃபா முஃததித் அந்த நாளை ஹஸீரான் (ஜூன்) 11-க்குத் தள்ளிவைத்தார்.

இந்தியாவில் அந்தத் தீர்வின் பெயர்தான் 'ஃபஸ்லி', அதாவது பருவத்துக்குரியது. அக்பர் காலத்தில், அவர் அரியணை ஏறிய ஹிஜ்ரி 963-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சூரிய ஆண்டாக எண்ணத் தொடங்கினர். தக்காணத்திலோ ஷாஜஹான் 1636-இல், அன்றைய ஹிஜ்ரி ஆண்டான 1046-ஐ வைத்துத் தொடங்கினார். இதற்கிடையில் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு முந்திவிட்டது. ஆதலால் வடநாட்டுப் பசலியும் தென்னாட்டுப் பசலியும் இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் வேறுபடுகின்றன. நம்முடையது தென்னாட்டுப் பசலி. சென்னை மாகாணத்தில் அது ஆடி முதல் நாளில் பிறந்தது. ஆங்கிலேயர் அதை ஜூலை நடுவில் ஒரு தேதியாக்கி, 1855-இல் ஜூலை 1 என்று மாற்றினர். தஞ்சை மராட்டிய அரச மரபு இரண்டாம் சிவாஜியோடு முடிந்ததும் அதே 1855-இல்தான்.

ஆடி என்பது தற்செயலன்று. குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து காவிரியில் புதுவெள்ளம் வரும் காலம் அது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபாயிற்று. குறுவை நாற்று ஜூனிலேயே விடப்படினும் அறுவடை புரட்டாசியை ஒட்டி முடியும். சம்பா தையிலும் மாசியிலும் களத்திற்கு வரும். தாளடி அதன் பின்னே. வயலின் எஞ்சிய ஈரத்தில் உளுந்தும் பயறும் எடுத்தால் சித்திரை வந்துவிடும். ஆங்கில ஆண்டு சம்பாப் பயிரை டிசம்பரோடு இரண்டாக வெட்டுகிறது; பசலி முழுப் பயிரையும் ஓர் எண்ணுக்குள் வைத்துக்கொள்கிறது.

இனி, ஊர் வரலாறு எழுதுவோரும் வக்ஃபு ஆவணம் பார்ப்போரும் அறிய வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. பசலி எண் ஹிஜ்ரியிலிருந்து பிறந்ததால் பார்வைக்கு ஹிஜ்ரி போலவே இருக்கும். 1046-இல் இரண்டும் ஒன்று. அதன்பின் 1636-க்கும் 2025-க்கும் இடையில் பசலி 389 நகர்ந்து 1435 ஆயிற்று. ஹிஜ்ரியோ 401 நகர்ந்து 1447 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி! பழைய ஆவணங்களில் இடைவெளி சிறிது. ஆதலால் பிழை கண்ணில் படாது. 'பசலி 1210' என்று தேதியிட்ட மானியப் பத்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஹிஜ்ரி அட்டவணையில் தேடினால் 1795–96 என்று வரும். அப்போது தஞ்சையை ஆண்டவர் அமர்சிங். உண்மையில் அது 1800–01 ஆகும்; இரண்டாம் சரபோஜி 1799-இல் நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பிற்காலம். ஐந்தாண்டுப் பிழையில் கொடையாளியின் அரசே மாறிவிடுகிறது. மன்னர் தந்த கொடையா, கம்பெனி ஒப்புக்கொண்டு தொடர்ந்த கொடையா என்பது 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் முதல் இன்றைய நீதிமன்றம் வரை பொருட்படுத்தப்படும் கேள்வி. விதி எளியது: ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழிக்க, ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐக் கழிக்க. ஆவணத்தில் 'ஹிஜ்ரி' என்ற சொல்லும் இருந்தால் மட்டுமே ஹிஜ்ரி அட்டவணையைத் திறக்க வேண்டும். வடநாட்டுப் பசலி அட்டவணையைத் திறக்கவே கூடாது.

ஃபஸ்லின் உடன்பிறப்புகள் தமிழில் வேறும் உண்டு. கடனைத் தீர்த்துக் கணக்கை முடிப்பதைப் 'பைசல்' செய்தல் என்கிறோம். அது 'ஃபைஸல்' என்னும் அரபுச் சொல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இறைமறுப்புக்கும் ஈமானுக்கும் இடையே எல்லையிட எழுதிய நூலின் பெயரில் முதலில் நிற்பது அதுவே. மலாய் நாட்டிற்குப் போன சொல் 'பாசல்' ஆகிச் சட்டப்பிரிவைக் குறித்தது. கடல் கடந்து வாணிகம் செய்த நம்மவருக்கு அது அறிமுகமானது. எல்லாவற்றினும் வியப்பு, 'வசூல்' என்பது ஃபஸ்லுக்கு நேரெதிரான 'வஸ்ல்' வேரிலிருந்து வந்தது என்பதாகும். வுஸூல் என்றால் சேர்தல். அணிக்கலை நூலில் எதிரெதிரே நிற்கும் இரண்டும் 'பசலி வசூல்' என்று தாலுகா கச்சேரிப் பதிவேட்டில் அருகருகே அமர்ந்துவிட்டன. முத்தஸில், முன்ஃபஸில் என்ற கணித இணையும் அதே இரண்டு வேர்கள்தாம்.

தமிழ் தன் சொந்த வேரிலேயே இப்படிப் பரந்த ஒரு சொல்லை வைத்துள்ளது. 'தீர்' என்பதிலிருந்து வழக்குக்குத் தீர்ப்பு, நிலத்துக்குத் தீர்வை, சமன்பாட்டுக்குத் தீர்வு, நோயும் தீர்கிறது. 'யவ்முல் ஃபஸ்ல்' என்பதைத் தமிழில் தீர்ப்பு நாள் என்கிறோம். பசலி முடியும் வேளையில் தாலுகாதோறும் நடக்கும் ஜமாபந்திக்கு அரசு இட்டுள்ள தமிழ்ப்பெயர் 'வருவாய்த் தீர்வாயம்'. ஜமா என்றால் திரட்டல், பந்தி என்றால் கட்டுதல். பெயர்த்தவர்கள் அவ்விரண்டையும் விட்டுவிட்டு, கணக்கை முடிக்கும் பொருளுடைய 'தீர்' என்னும் வேரையே தேர்ந்துகொண்டனர்.