மெரினா மணற்பரப்பும் மாற்றுத்திறனாளிகளின் அணுகலும்: ஒரு வரலாற்று நோக்கு

சென்னை மெரினாவின் அகன்ற மணற்பரப்பு இயற்கையின் கொடை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே செல்ல இயலாமையும் அதனால் இயற்கையின் மேலேயே ஏற்றப்பட்டுவிடுகிறது. சென்னைத் துறைமுகத்தின் வரலாறு இக்கருத்திற்கு இடந்தரவில்லை.

1870களின் நடுவில் தொடங்கிய துறைமுகப் பணியில் கடலுக்குள் நீண்ட கற்சுவர்கள் எழுப்பப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் இச்சுவர்களால் தடுக்கப்பட்டது. தெற்கே மணல் குவிந்து கடற்கரை அகன்றது; வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. இன்று நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் புதையும் மணலில் பெரும்பகுதி, ஆக, ஒரு பொதுப்பணியின் பக்கவிளைவு எனலாம். ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அமைத்த உலாவுசாலையோ வண்டியில் செல்வோரையும் நடப்போரையும் மனத்திற்கொண்டது. அச்சாலையிலிருந்து கடல் காட்சிப்பொருளாக இருந்தது. அதற்கு அப்பாலுள்ள மணலைக் கடப்பது அவரவர் கால்வலிமையைப் பொறுத்ததாயிற்று.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிடங்களில் தடைநீக்கத்தை வலியுறுத்தினும், அதனை அரசின் பொருளாதார வரம்பிற்கு உட்பட்டதாகவே வைத்தது. 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் பொழுதுபோக்கில் பங்கேற்பதையும் உரிமையாக ஏற்றது. இம்மாற்றம் சொல்லளவினதன்று. பூங்காவும் கடற்கரையும் மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் அடுத்தே எண்ணத்தக்கவை என்னும் பழைய வரிசை இதனால் கேள்விக்குள்ளாகிறது.

மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல்லாண்டுகள் வலியுறுத்தியதன் பயனாக, தற்காலிகப் பாதைகளுக்குப் பின்னர், 2022 நவம்பர் 27 அன்று நிலையான மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். கடலோர ஒழுங்குமுறை விதிகளின்கீழ் அனுமதி பெற்றே இது அமைக்கப்பட்டது. இரு வாரங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 9 இரவு கரையை நெருங்கிய மாண்டஸ் புயலின் அலைகள் கடலையொட்டிய பகுதியைச் சிதைத்தன. பாதையின் தரம் குறித்து உடனே வினாக்கள் எழுந்தன. பின்னர் அது சீரமைக்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

1881இல் பெரும்பாலும் முடிவுற்றிருந்த துறைமுகத்தையும் ஒரு புயல் சிதைத்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. வணிகத்திற்கு இன்றியமையாதது எனக் கருதப்பட்டதால் அது மீண்டும் கட்டப்பட்டது. மரப்பாதைக்கு வேண்டிய பராமரிப்போ அத்துணைப் பெரிதன்று. காற்று கொணர்ந்து பரப்பும் மணலை அன்றாடம் அகற்றவேண்டும். உப்புக்காற்றில் தளர்ந்த பலகைகளை மாற்றவேண்டும். இரு பலகைகளுக்கிடையே சக்கரம் சிக்கும் இடைவெளி தோன்றாமல் காக்கவேண்டும். இவற்றைத் திறப்புவிழாக் கல்வெட்டு சொல்வதில்லை. கரைக்கோடும் பருவந்தோறும் இடம்பெயர்வது. எனவே 263 மீட்டர் என்பதும் மறு அளவீட்டிற்குரிய எண்ணே.